அவசர நாள்களுக்கான தாவர உணவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பால், முட்டை, இறைச்சி எதுவும் சேர்க்காமல் சமைத்துச் சாப்பிடத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் யாராவது எட்டிப் பார்த்து ஏதாவது கேட்பார்கள். ஆள் மாறும், கேள்வி மாறாது. சொல்லிச் சொல்லிப் பதில்கள் மனப்பாடமே ஆகிவிட்டதால், கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தொகுத்து எழுதிவைத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. வேலைக்கும் போய்க்கொண்டு சமைக்கவும் செய்கிற ஓர் ஆள், அவ்வளவே.

சைவமும் தாவர உணவும் ஒன்றுதானே?

இல்லை. சைவத்தில் பால், தயிர், நெய், பனீர் எல்லாம் உண்டு. தாவர உணவில் அவையும் கிடையாது. தானியம், பயறு, காய், கீரை, பழம், கொட்டை, விதை ஆகியவற்றைக் கொண்டே முழுச் சாப்பாடும் அமைய வேண்டும். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கும், சர்க்கரை போட்ட குளிர்பானமும் தாவர உணவுக் கணக்கில்தான் வரும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போதே இரவு எட்டு மணி. அதற்குமேல் எப்படிச் சமைப்பது?

ஒருநாள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சமைத்தேன். சாப்பாடு தட்டுக்கு வர 50 நிமிடம் ஆயிற்று. அதில் அடுப்பு எரிந்தது 20 நிமிடத்துக்கும் குறைவு. மீதி நேரமெல்லாம் ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்ததிலும், கழுவி நறுக்கியதிலும், வேகாத பயறைப் பார்த்து அலுத்துக்கொண்டதிலும் போயிருந்தது. ஆகவே ‘பத்தே நிமிடச் செய்முறை’களைத் தேடி அலைவதை விட்டுவிட்டேன். அந்தப் பத்து நிமிடம் பெரும்பாலும் எல்லாவற்றையும் நறுக்கிக் கிண்ணங்களில் வைத்த பிறகு தொடங்கும் பத்து நிமிடம்.

இப்போது என் ஃப்ரிட்ஜில் எப்போதும் நான்கு பொருள்கள் இருக்கும்: வெந்த பயறு ஒன்று, வெந்த தானியம் ஒன்று, கழுவித் துடைத்த காய்கறி, ஒரு பாட்டிலில் சாஸ். இரவில் நான் செய்வது வாணலியைச் சூடாக்கி, காயை நான்கைந்து நிமிடம் வதக்கி, பயறைச் சேர்த்துப் புரட்டி, சாஸை ஊற்றுவது. பன்னிரண்டு, பதினைந்து நிமிடத்தில் தட்டு நிறைந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அடுப்படியிலேயே நின்று வாரத்துக்கும் சமைத்து வைக்க வேண்டுமா?

நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஐந்து டப்பாவில் ஐந்து நாளைக்கும் ஒரே குழம்பு. புதன்கிழமைக்குள் அதன் முகத்தைப் பார்க்கவே பிடிக்காமல் போய்விட்டது. சமைத்த பதார்த்தத்தைச் சேமித்தால் அது அந்தப் பதார்த்தமாகவே இருக்கும். சமைத்த பொருளைச் சேமித்தால் எதுவாகவும் ஆகும். வெறும் உப்பு போட்டு வேகவைத்த கொண்டைக்கடலை திங்கட்கிழமை சாலட், செவ்வாய்க்கிழமை தக்காளிக் குழம்பு, புதன்கிழமை மசித்து ரொட்டிக்குள் வைக்கும் பூரணம்.

ஒன்றரை மணி நேரம் போதும். பயறு குக்கரில் வேகும்போது தானியம் பக்கத்து அடுப்பில் வேகும்; அந்த நேரத்தில் சாஸை அரைத்துவிடலாம். காயை மட்டும் முழுவதுமாக நறுக்கி வைக்க வேண்டாம். நறுக்கிய வெங்காயத்தின் வாடை ஃப்ரிட்ஜையே ஆக்கிரமித்துவிடும்; வெள்ளரி நீர்விட்டுத் தொளதொளத்துப் போகும். கேரட், முட்டைக்கோஸ், காலிஃபிளவர் போன்ற கெட்டிக் காய்கள் தாங்கும்.

ஊறவைக்க மறந்துவிட்டேன். இன்றைக்குப் பட்டினிதானா?

உடைத்த பருப்புகள் இருக்கும்போது என்ன பட்டினி? தோல் நீக்கி உடைத்த மைசூர்ப் பருப்பும் பாசிப்பருப்பும் ஊறவே தேவையில்லை. திறந்த பாத்திரத்திலேயே 15 முதல் 20 நிமிடத்தில் குழைந்துவிடும். அவசர வேலைக்காரர்களின் வீட்டில் இவை இரண்டும் தீர்ந்துபோகவே கூடாது.

முழுப் பயறுதான் வேண்டுமென்றால் கொதிக்கும் தண்ணீரில் இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, மூடி ஒரு மணி நேரம் வையுங்கள். இரவு முழுவதும் ஊறியதற்கு ஏறக்குறைய நிகராகிவிடும். அதற்கும் நேரமில்லை என்றால் டப்பாவில் அடைத்த பயறைத் திறங்கள். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

மூன்று முறை குக்கரில் வைத்தும் கொண்டைக்கடலை கல் மாதிரியே இருக்கிறது. நான் என்ன தப்பு செய்கிறேன்?

தப்பு பெரும்பாலும் கடலையின் வயதில் இருக்கும். வெப்பமும் ஈரப்பதமும் உள்ள இடத்தில் நாள்பட்டுக் கிடந்த பயறு இறுகிப்போகும். பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் முழுதாக மசியாது. பாதிப் பையை மாதக்கணக்கில் அலமாரியின் பின்பக்கத்தில் மறந்துவிடுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

அடுத்த சந்தேகம் தக்காளி, எலுமிச்சை, புளி. புளிப்பு இருக்கும் நீரில் பயறு மெத்தென்று ஆகத் தாமதமாகும். ஆகவே பயறு வெந்த பிறகே புளிப்பைச் சேர்க்க வேண்டும். கடின நீரும் இதே தொல்லையைச் செய்யும். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் தோலை இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. ஊறவைக்கும் நீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் தோல் இளகும். சிட்டிகை என்றால் சிட்டிகைதான்: கூடினால் சோப்பு போட்டதுபோல் சுவைக்கும், பி1 வைட்டமினும் கெடும்.

வெந்துவிட்டதா என்று பார்க்கக் கரண்டியால் நசுக்குவதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. ஒரு கடலையை எடுத்து நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். பல்லின் உதவியே இல்லாமல் மாவாகக் கரைந்தால் வெந்துவிட்டது. நடுவில் நறநறவென்று ஒரு துகள் தட்டுப்பட்டால் இன்னும் பத்து நிமிடம். ஒன்றை வைத்து முடிவு செய்யாமல் நான்கைந்தை எடுத்துப் பாருங்கள். ஒரே பாத்திரத்தில்கூட எல்லாம் ஒன்றுபோல் வேகாது.

உப்பை முதலிலேயே போட்டால் பயறு வேகாது என்று அம்மா சொல்வார். உண்மையா?

அம்மாவிடம் வாதாட வேண்டாம், ஆனால் அடுத்தமுறை ஊறவைக்கும் நீரிலேயே கொஞ்சம் உப்பைப் போட்டுப் பாருங்கள். முந்தைய பதிலில் சொன்ன கால்சியத்தையும் மக்னீசியத்தையும் உப்பிலுள்ள சோடியம் ஓரளவு வெளியேற்றிவிடுவதால் தோல் எளிதில் மிருதுவாகும். உப்பு உள்ளேயும் இறங்கியிருக்கும். மேலே மட்டும் உப்புக் கரிக்கும், உள்ளே சப்பென்று இருக்கும் பயறு யாருக்கு வேண்டும்?

ராஜ்மாவைச் சரியாக வேகவைக்காவிட்டால் விஷம் என்கிறார்களே, பயமுறுத்துகிறார்களா?

இது பயமுறுத்தல் இல்லை. சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் வகைப் புரதம் ஒன்று அதிகமாக இருக்கிறது. வேகாத பயறு நான்கைந்து தின்றாலே சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று குறைந்தது பத்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும். அரை மணி நேரம் கொதித்தால் இன்னும் நிம்மதி. பிறகு மிருதுவாகும்வரை வேகவிடலாம். பிரஷர் குக்கரில் வெப்பம் 120 டிகிரி செல்சியஸ் வரை போகும் என்பதால் அங்கே கவலை இல்லை.

ஆபத்து மெதுவாகச் சமைக்கும் மின்சாரப் பாத்திரத்தில்தான். காலையில் வேகாத ராஜ்மாவைப் போட்டுவிட்டு மாலையில் வந்து சாப்பிடலாம் என்று ஆசையாக இருக்கும். அந்தப் பாத்திரம் கொதிநிலையை எட்டாமலே மணிக்கணக்கில் ஓடக்கூடும். 80 டிகிரி அளவிலான அரைகுறைச் சூட்டில் அந்த நச்சு குறைவதற்குப் பதில் கூடவும் செய்யலாம். அடுப்பில் கொதிக்கவிட்ட பிறகே அதில் போடுங்கள்.

டப்பாப் பயறு, உறைந்த காய்கறி இதிலெல்லாம் சத்து இருக்குமா?

இருக்கும். காய்கறியைப் பறித்த சில மணி நேரத்தில் கொதிநீரில் முக்கி எடுத்து உறையவைக்கிறார்கள். நான்கு நாள் ஃப்ரிட்ஜில் வாடிய பீன்ஸைவிட உறைந்த பீன்ஸ் மேலாகவே இருக்கக்கூடும். உருகவிடாமல் நேராகச் சூடான வாணலியில் கொட்டுங்கள். உருகவிட்டால் தண்ணீரில் நீந்தும்.

டப்பாப் பயறில் ஒரே குறை உப்பு. வடிகட்டிக் குழாய்நீரில் அலசினால் அதில் ஏறக்குறைய 40 சதவீதம் போய்விடும். கொண்டைக்கடலை டப்பாவில் இருக்கும் வழவழப்பான நீரைக் கொட்டுமுன் யோசியுங்கள். அது முட்டை வெள்ளைக்கருபோல் நுரைத்து வரும், கேக் செய்பவர்கள் தேடி எடுத்துக்கொள்வார்கள்.

இறைச்சியும் இல்லை, முட்டையும் இல்லை. புரதம் எங்கிருந்து வரும்?

இந்தக் கேள்விக்கு நான் பதிலாகக் கணக்கைத்தான் காட்டுவேன். வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் என்பது பொதுவான அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 48 கிராம். காலையில் 50 கிராம் ஓட்ஸ், ஏறத்தாழ 6 கிராம். அதோடு ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் வேர்க்கடலை, 7 கிராம். நாள் முழுவதிலும் சேர்த்து வெந்த பருப்பு 200 கிராம், 18 கிராம். கெட்டியான டோஃபு, அதாவது சோயாப் பாலைத் திரட்டிச் செய்யும் கட்டி, 100 கிராம், குறைத்துப் போட்டாலும் 10 கிராம். வெந்த சோறு 300 கிராம், 8 கிராம். கூட்டினால் 49. காயையும் கீரையையும் நான் சேர்க்கவே இல்லை.

தாவரப் புரதம் சற்றுக் குறைவாகச் செரிக்கும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே வைத்துக்கொள்வது நல்லது. முதியவர்களுக்கும் கடும் உடற்பயிற்சி செய்பவர்களுக்கும் தேவை இன்னும் அதிகம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: மேலே உள்ள கணக்கில் பருப்பையும் டோஃபுவையும் எடுத்துவிட்டால் எல்லாம் சரிந்துவிடும். சோறும் காயும் மட்டும் சாப்பிட்டுவிட்டு ‘தாவர உணவு ஒத்துக்கொள்ளவில்லை, களைப்பாக இருக்கிறது’ என்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு வேளையும் தானியமும் பயறும் சேர்ந்தே வர வேண்டுமா?

வேண்டாம். புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. தானியத்தில் அவற்றுள் லைசின் குறைவு, பயறில் மெத்தியோனின் குறைவு. ஒன்றின் குறையை மற்றது நிரப்பும் என்பது உண்மை. அதை ஒரே வேளையில் கணக்குப் பார்த்துச் சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் 1971-இல் வெளியான ஒரு நூலால் பரவியது. பத்தாண்டு கழித்து வந்த மறுபதிப்பில் அதன் ஆசிரியரே அந்தக் கருத்தைத் திருத்திக்கொண்டார். நாள் முழுவதிலும் பலவகையாகச் சாப்பிட்டால் உடல் சேர்த்துக்கொள்ளும். திருத்தத்தைவிடப் பழைய கருத்துதான் இன்னும் வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

நேற்று வடித்த சோற்றைச் சூடாக்கிச் சாப்பிடலாமா?

அதை நேற்று எப்படி வைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. அரிசியில் பாசிலஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். கொதித்தாலும் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகவே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். அதில் ஒருவகை நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ‘நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டேனே’ என்ற சமாதானம் இங்கே செல்லாது.

அடுப்பிலிருந்து இறக்கியதும் அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாளுக்குள் சாப்பிட்டுவிடுங்கள். ஒரே ஒருமுறை, ஆவி பறக்கச் சூடாக்குங்கள். இரவு முழுவதும் குக்கரிலேயே கிடந்த சோறு என்றால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கொட்டிவிடுங்கள். ஒரு நாளுக்கு மேல் தேவைப்படும் சோற்றை நான் ஆறியவுடனே ஃப்ரீசரில் வைத்துவிடுகிறேன்.

மற்றவற்றை எத்தனை நாள் வைக்கலாம்? ஃப்ரீசரில் எதை வைத்தாலும் கெடாதா?

4 டிகிரியில் இருக்கும் ஃப்ரிட்ஜில் வெந்த பயறும் குழம்பும் மூன்று, நான்கு நாள் நிற்கும். பெரிய பாத்திரத்தோடு அப்படியே உள்ளே தள்ளினால் நடுப்பகுதி பல மணி நேரம் சூடாகவே இருக்கும். ஆகவே ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து வையுங்கள்.

ஃப்ரீசருக்கு வெந்த பயறுபோல் ஒத்துப்போகும் பொருள் வேறில்லை. கொண்டைக்கடலையை வடித்துத் துணியில் துடைத்து, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி இரண்டு மணி நேரம் உறையவிடுங்கள். பிறகு பையில் போட்டுக் குலுக்கினால் சோழி குலுங்கும் சத்தம் வரும். வேண்டும்போது ஒரு கை அள்ளிக்கொள்ளலாம். இதைச் செய்யாமல் மொத்தமாகப் போட்டு, கல்லாக உறைந்த பாளத்தைக் கத்தியால் குத்திக்கொண்டு நின்ற இரவுகள் எனக்கு உண்டு. டோஃபு உறைந்து உருகினால் பஞ்சுபோல் ஆகிச் சாறை நன்றாக உறிஞ்சும்; எனக்கு அது மிகவும் பிடிக்கும். வெந்த உருளைக்கிழங்கு மணல்போல் ஆகும், சாலட் காய்கள் தொய்ந்துவிடும். அவற்றை உறையவைக்க வேண்டாம்.

எல்லாம் சரி, தினமும் ஒரே ருசியாக இருக்கிறதே?

சாஸை மாற்றுங்கள். நான் அடிக்கடி செய்வது: மூன்று மேசைக்கரண்டி வேர்க்கடலை விழுது அல்லது எள் விழுது, ஒரு எலுமிச்சையின் சாறு, சின்னதாக ஒரு பல் பூண்டு, உப்பு. சாறு பட்டதும் விழுது திடீரென்று இறுகிக் கட்டியாகும். பார்ப்பவர்கள் கெட்டுவிட்டது என்று பதறுவார்கள். வெந்நீரைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்து அடித்துக்கொண்டே இருங்கள். மூன்றாவது, நான்காவது கரண்டியில் கட்டி உடைந்து, நிறம் வெளுத்து, பாலாடைபோல் வழவழப்பாக இறங்கும். நான்கைந்து நாள் ஃப்ரிட்ஜில் இருக்கும். அடுத்த வாரம் எலுமிச்சைக்குப் பதில் வினிகர், அதற்கடுத்த வாரம் மிளகாயும் இஞ்சியும்.

சப்பென்று இருக்கும் சாப்பாட்டுக்கு எல்லோரும் உப்பைத்தான் கூட்டுகிறார்கள். பாதி நேரம் அதற்கு வேண்டியது கடைசியாகப் பிழியும் எலுமிச்சை. ஓர் எச்சரிக்கை: பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு அலமாரியில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத எண்ணெய்க்குள் பாட்டுலிசம் என்ற நோயைத் தரும் பாக்டீரியா நச்சு உண்டாகலாம், வாசனையில் தெரியாது. ஃப்ரிட்ஜில் வைத்து நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

பயறு சாப்பிடத் தொடங்கியதிலிருந்து வயிறு ஊதிக்கொள்கிறது. நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம், குறையுங்கள். பயறிலுள்ள சிலவகைச் சர்க்கரைகளை நம் குடல் செரிப்பதில்லை; பெருங்குடல் பாக்டீரியாக்கள் அவற்றை நொதிக்கவைப்பதால் வாயு உண்டாகிறது. ஊறவைத்த நீரைக் கொட்டுவதும், முதலில் தோல் நீக்கிய பருப்பில் தொடங்குவதும் உதவும். அரைக் கிண்ணத்தில் ஆரம்பித்து, சில வாரங்களில் மெல்லக் கூட்டினால் பெரும்பாலோருக்குப் பழகிவிடுகிறது. வலியோ எடைக் குறைவோ சேர்ந்து வந்தால் மருத்துவரிடம் போங்கள்.

பி12 மாத்திரை அவசியமா? கீரை, சுருள்பாசியிலிருந்து (ஸ்பைருலினா) கிடைக்காதா?

முழுத் தாவர உணவுக்காரர் என்றால் அவசியம். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை. பி12-ஐ உருவாக்குவது பாக்டீரியா. தாவரங்களில் நம்பக்கூடிய அளவில் கிடையாது. சுருள்பாசியில் இருப்பது பெரும்பாலும் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். வளர்ந்தவர்களுக்கு நாளுக்கு 2.4 மைக்ரோகிராம் தேவை. கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் சேமிப்பு இருப்பதால் ‘எனக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்று ஏமாந்துவிடுவோம். கை கால் மரத்துப்போகும் கட்டத்தில் நரம்புகள் பாதிக்கப்பட்டிருக்கலாம். மாத்திரையின் அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இரும்புச்சத்து, கால்சியம் இவற்றுக்கும் மாத்திரையா?

இவற்றைத் தட்டிலேயே பெரும்பாலும் சமாளிக்கலாம். பயறிலும் கீரையிலும் உள்ள இரும்பை வைட்டமின் சி கூட இருந்தால் உடல் நன்றாக எடுத்துக்கொள்ளும். முன்பு சொன்ன எலுமிச்சை இங்கே இரண்டாவது வேலையைச் செய்கிறது. டீயும் காபியும் தடுக்கும். சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

கால்சியத்துக்குத் தோல் நீக்காத எள், கால்சியம் சேர்த்துத் திரட்டிய டோஃபு, கால்சியம் செறிவூட்டிய சோயாப் பால், புரோக்கோலி. பாலக் கீரையில் கால்சியம் நிறைய இருந்தும் அதே கீரையிலுள்ள ஆக்ஸலேட் என்ற பொருள் அதைக் கட்டிப்போட்டுவிடுவதால் உடலுக்குச் சொற்பமே சேரும். கூடவே அயோடின் கலந்த உப்பையே பயன்படுத்துங்கள். பாலும் மீனும் இல்லாத இடத்தில் அது முக்கியம்.

சமைக்கவே வேண்டாம், முளைகட்டிய பயறைப் பச்சையாகச் சாப்பிடலாமே?

ஆரோக்கியமான ஆள் எப்போதாவது சாப்பிடலாம். ஆனால் முளைகட்டும் ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிகளுக்கும் பிடித்த சூழல். 2011-இல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தால் பரவிய ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் தொற்றில் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள் வேகவைத்தே சாப்பிட வேண்டும். ராஜ்மா முளையைப் பச்சையாக யாருமே தின்னக்கூடாது. காரணம் மேலே இருக்கிறது.

மைக்ரோவேவில் சூடாக்கினால் சத்து போய்விடுமா?

போகாது. குறைந்த நீரில் குறைந்த நேரம் சூடாவதால், நிறைய நீரில் வேகவைத்து வடிப்பதைவிட வைட்டமின் சி அதிகமாகவே மிஞ்சும். நடுவில் ஒருமுறை கிளறிவிடுங்கள், இல்லாவிட்டால் ஓரம் கொதிக்கும், நடு குளிர்ந்தே இருக்கும்.

வீட்டில் மற்றவர்கள் பாலும் முட்டையும் சாப்பிடுகிறார்கள். எனக்கென்று தனி உலை வைக்க வேண்டுமா?

ஒரே உலை போதும். அடிப்படைச் சமையல் முழுவதையும் தாவர உணவாகச் செய்துவிட்டு, வேண்டியவர்கள் தங்கள் தட்டில் தயிரோ முட்டையோ சேர்த்துக்கொள்ளட்டும். வெண்ணெயைப் பாத்திரத்தில் போட்டால் எடுக்க முடியாது, தட்டில் போட்டால் தகராறு இல்லை. இது சாப்பாட்டுச் சிக்கலைவிட வரிசைச் சிக்கல்தான்.

எதையுமே முன்கூட்டிச் செய்து வைக்கவில்லை, நிற்கவும் தெம்பில்லை. அன்றைக்கு என்ன செய்வீர்கள்?

மைசூர்ப் பருப்பு அரைக் கிண்ணம், தண்ணீர் இரண்டு கிண்ணம், உப்பு, மஞ்சள். அடுப்பில் வைத்துவிட்டு முகம் கழுவிவிட்டு வருவேன். பத்தாவது நிமிடத்தில் ஃப்ரீசரிலிருந்து ஒரு கை பட்டாணியோ கீரையோ. இறக்கியதும் எலுமிச்சை, கைவசம் இருக்கும் ரொட்டி. அதற்கும் முடியாத நாளில் அதே ரொட்டியில் வேர்க்கடலை விழுதைத் தடவி, வாழைப்பழத்தை வட்டமாக நறுக்கி அடுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். படுக்கப் போகுமுன் ஒரு கிண்ணம் கடலையை மட்டும் தண்ணீரில் போட்டுவிடுவேன்.